ஞாயிறு பூசைக்கு, திங்கள் ஏலத்துக்கு

பெரியதாழையில் ஒரு வீட்டுக்கு வண்டி வாங்குவதென்றால் அந்த வீட்டின் வாரம் முழுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையே, சாத்தான்குளம் வட்டத்தின் கடலோரத்தில் இருக்கிற ஊர். வள்ளம் கரை சேர்ந்ததும் சாளையோ சீலாவோ சிங்கி இறாலோ ஏலம் போகும். ஐஸ் போட்ட பெட்டிகள் வெயில் ஏறுமுன் கிளம்பியாக வேண்டும். அவுட்போர்டு எஞ்சின் மக்கர் செய்தால் அதைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மெக்கானிக்கைத் தேடிப் போக வேண்டும். வலை, கயிறு, எண்ணெய் கேன், சமயத்தில் தண்ணீர்க் குடங்களும் ஏறும். இதே வீட்டில்தான் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய பெரியவர்களும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது இந்தக் கரையின் பழைய வழக்கம்; அன்று பூசை. செப்டம்பரில் மணப்பாடு திருச்சிலுவைத் திருவிழா, நினைத்த நேரத்தில் உவரி அந்தோணியார் கோவில்.

இவ்வளவையும் ஒரே வண்டியில் அடக்கப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். குட்டி யானையோ பொலிரோ பிக்கப்போ எடுத்து, குடும்பம் கிளம்பும் நாளில் எல்லோரையும் பின்னால் ஏற்றுகிறார்கள். அல்லது ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி எடுத்து, கடைசி இருக்கையை மடக்கி மீன் பெட்டியை உள்ளே திணிக்கிறார்கள். முதலாவது உயிருக்கு ஆபத்து. இரண்டாவது வண்டியைச் சீக்கிரம் கெடுக்கும். இவை இரண்டுக்கும் நடுவே நிற்பது டபுள் கேப்: முன்னால் நான்கு கதவு, ஐந்து இருக்கை, பின்னால் திறந்த தொட்டி. எஸ்யூவியின் சொகுசும் பிக்கப்பின் உழைப்பும் சேர்ந்தது என்று அதை விற்கிறார்கள். அந்தச் சேர்க்கை எந்த அளவுக்கு இயற்பியலுக்குக் கட்டுப்பட்டது, எங்கே ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றொன்றைப் பெற முடியும் என்பது தெரிந்தால், கடையில் காட்டும் தொடுதிரையையும் அலாய் சக்கரத்தையும் தாண்டி நம்மால் கேள்வி கேட்க முடியும்.

இந்தத் தேவை பெரியதாழைக்கு மட்டும் உரியதல்ல. 1932-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிப்ஸ்லாண்ட் பகுதியைச் சேர்ந்த விவசாயி ஒருவரின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்கு எழுதிய கடிதத்தை வாகன வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் குறிப்பிடுகிறார்கள். ஞாயிறன்று கணவரோடு கோவிலுக்கு நனையாமல் போக வேண்டும், திங்களன்று அதே வண்டியில் பன்றிகளைச் சந்தைக்கு ஏற்ற வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். ஜீலாங் ஆலையில் வேலை பார்த்த லூயிஸ் பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர், காரின் முன்பகுதியையும் சரக்குத் தொட்டியையும் ஒரே உடலாக வரைந்தார். 1934-ல் அது ஆலையிலிருந்து வெளிவந்தது. இன்றைக்கும் ஆஸ்திரேலியர்கள் அந்த வகை வண்டியை யூட் என்று அழைக்கிறார்கள். பன்றிக்குப் பதில் பாறை மீன் என்று வைத்துக்கொண்டால் கடிதம் நம் கரையிலிருந்தே போயிருக்கலாம்.

இந்தியாவில் கதை வேறு திசையிலிருந்து வந்தது. 1988-ல் டாடா கொண்டுவந்த டாடாமொபைல் 206 ஒரு பிக்கப். அதன் அடித்தளத்தின் மேல்தான் 1991-ல் சியரா என்ற குடும்ப வண்டி எழுந்தது. மகிந்திரா, நேர்மாறாக, ஸ்கார்ப்பியோவை எடுத்து அதன் முதுகை வெட்டி கெட்டவே என்ற டபுள் கேப் ஆக்கியது. 2016-ல் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் தயாரான இசுசு வி-கிராஸ், 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவை சொந்த உபயோகத்துக்கான டபுள் கேப் என்ற வகையையே இங்கே பழக்கப்படுத்தின. மகிந்திரா பொலிரோ கேம்பர், டாடா யோதா போன்றவை சரக்கு வண்டிகளாகவே பதிவாகி, ஒப்பந்தக்காரர்களிடமும் மின்வாரியப் பணிகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வண்டியின் எலும்பிலிருந்து தொடங்கலாம். இன்றைய கார்களிலும் சிறு எஸ்யூவிகளிலும் தனியாகச் சேஸிஸ் கிடையாது. தரை, தூண்கள், கூரை எல்லாம் தகடாகச் சேர்ந்து ஒரே கூடாகி, அந்தக் கூடே பாரத்தைத் தாங்குகிறது. மூடிய கூடு முறுக்கத்தை அபாரமாக எதிர்க்கும். ஒரு செருப்புப் பெட்டியை மூடி ஒட்டிய நிலையில் முறுக்கிப் பாருங்கள். பிறகு மூடியைக் கழற்றிவிட்டு முறுக்கிப் பாருங்கள், வித்தியாசம் கைக்கே தெரியும். பிக்கப்பின் தொட்டிக்கு மேல் கூரை இல்லை. அதனால் கூடு வடிவத்தில் பிக்கப் செய்யும்போது போன விறைப்பை வேறு எங்காவது ஈடுகட்ட வேண்டும். 2005-ல் அமெரிக்காவில் வந்த ஹோண்டா ரிட்ஜ்லைனில் கேபினின் பின் தூண் சாய்வாகத் தொட்டியின் பக்கச் சுவர்வரை இறங்கியது இதற்காகத்தான். பெரும்பாலான பிக்கப்கள் இந்தச் சிக்கலுக்குள் போவதே இல்லை. ஏணி போன்ற தடித்த எஃகுச் சட்டத்தின் மேல் கேபினைத் தனியாகவும் தொட்டியைத் தனியாகவும் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஹைலக்ஸையோ கேம்பரையோ பக்கத்திலிருந்து பாருங்கள்: கேபினுக்கும் தொட்டிக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது சட்டம் சற்றே முறுக்கிக்கொள்ளும். அப்போது இரண்டும் உரசாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி.

கேபின் எவ்வளவு அழகாக இருந்தாலும், உட்கார்ந்து போகிறவரின் முதுகெலும்புக்குத் தெரிவது ஸ்பிரிங்தான். ஒரே அடித்தளக் குடும்பத்தில் பிறந்த மூன்று டொயோட்டாக்களை எடுத்துக்கொள்ளுங்கள்: இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ். முதல் இரண்டுக்கும் பின் அச்சில் சுருள் ஸ்பிரிங். ஹைலக்ஸுக்கு மட்டும் வில்லாக வளைந்த எஃகுத் தகடுகளின் அடுக்கு. இந்தப் பிரிவுக்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது.

ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் எடை மேலும் கீழும் ஆடும். நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதை ஸ்பிரிங்கின் விறைப்பையும் மேலே இருக்கும் எடையையும் வைத்துச் சொல்லிவிடலாம். விறைப்பு கூடினால் ஆட்டம் வேகமாகும். எடை கூடினால் மெதுவாகும், அதுவும் எடையின் இருமடி மூலத்துக்கு ஏற்ப. நொடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை ஆட்டம்வரை உடம்புக்குச் சுகம். செங்குத்து அதிர்வில் நொடிக்கு நான்கு முதல் எட்டுவரைதான் நம் வயிறும் முதுகும் அதிகம் வாடும் பகுதி. அதை நெருங்க நெருங்கப் பயணம் கொடுமை.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. வெறும் வண்டியில் பின் ஸ்பிரிங்குகளின் மேல் 600 கிலோ இருக்கட்டும். ஐஸும் மீனுமாக 900 கிலோ ஏற்றினால் 1,500 கிலோ. ஏற்றிய நிலையில் நொடிக்கு 1.4 ஆட்டம் என்று ஸ்பிரிங்கை அமைத்தால், அந்த 900 கிலோவுக்கு வண்டி ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர் இறங்கும், சரியான அளவு. ஆனால் அதே ஸ்பிரிங் வெறும் வண்டியில் நொடிக்கு 2.2 ஆட்டம் போடும். தூத்துக்குடியில் மீனை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது வேகத்தடையில் தலை கூரையை முட்டுவது இதனால்தான். திருப்பி யோசிப்போம். 700 கிலோவை நொடிக்கு 1.2 ஆட்டத்தில் மென்மையாகச் சுமக்கும் எஸ்யூவி ஸ்பிரிங்கின் மேல் இந்த 900 கிலோவை ஏற்றினால் பின்பக்கம் 22 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அவ்வளவு இடமே அங்கே கிடையாது. ரப்பர் கட்டையில் அச்சு முட்டிக்கொண்டு ஸ்பிரிங் இருந்தும் இல்லாத வண்டியாக ஓடும். முன் சக்கரம் பாரம் குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும்.

ஆக, ஒரே ஸ்பிரிங் இரண்டு எடைக்கும் சுகம் தர முடியாது. எந்தக் கம்பெனியின் திறமையும் இதை மாற்றாது, சமாளிக்கத்தான் முடியும். சமாளிக்கும் வழிகளில் ஒன்று, தகடு அடுக்கின் அடியில் தனியாக ஒரு தடித்த தகடு வைப்பது: பாரம் ஏறி வண்டி இறங்கிய பிறகுதான் அது வேலைக்கு வரும். சிறந்த வழி காற்றுப்பை ஸ்பிரிங். எடை கூடக் கூட உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டினால் விறைப்பும் கூடும், ஆட்டத்தின் வேகம் மாறாது. ஆம்னி பஸ்ஸில் தூங்க முடிவது இதனால்தான். ஆனால் பையும் கம்ப்ரஸரும் வால்வும் கடற்கரை மணலில் எத்தனை காலம் உழைக்கும் என்ற கேள்வி கூடவே வரும். நிசான் நவாரா போன்ற சில பிக்கப்கள் பின்னாலும் சுருள் ஸ்பிரிங் வைத்துப் பார்த்தன. வெறும் வண்டியின் சுகம் கூடியது; ஆனால் பாரம் ஏறும்போது மேலே சொன்ன கணக்கு அவற்றையும் விடாது. எனவே கடைக்குப் போகுமுன் வீட்டில் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வண்டி வாரத்தில் எத்தனை கிலோமீட்டர் பாரத்தோடு ஓடும், எத்தனை கிலோமீட்டர் வெறுமையாக அல்லது குடும்பத்தோடு ஓடும்? குதிரைத்திறனைவிட இந்த விகிதம்தான் வண்டியைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. இன்று விற்கிற டீசல் எஞ்சின் எதுவானாலும் பெரியதாழைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள சமதளச் சாலைக்குப் போதும்.

மீன் வாடை விஷயத்துக்கு வருவோம். இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப ஏறிய ஒரு முதிய பெண்ணை, வாடை வீசுகிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். நாடே பார்த்த செய்தி அது. அந்த வாடையின் பின்னால் இருக்கும் வேதியியல் மிக எளிது. கடல் மீன்களின் உடம்பில், உப்பு நீரின் அழுத்தத்தைச் சமாளிக்க, ட்ரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற வாடையற்ற பொருள் இருக்கிறது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை ட்ரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. மிகச் சிறிதளவு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும் வாயு அது. காரம் என்பதால் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகி அடங்கும். மீனைப் புளித் தண்ணீரில் அலசுகிற நம் பாட்டிமார் பழக்கத்துக்கு இதுதான் அடிப்படை. எஸ்யூவியின் உள்ளே மீன் பெட்டி வைத்தால் இருக்கைப் பஞ்சிலும் கூரைத் துணியிலும் ஏசி குழாயிலும் அது புகுந்துகொள்ளும். புளித் தண்ணீரை அங்கே ஊற்ற முடியாது. பிக்கப்பில் சரக்கின் காற்றும் மனிதர்களின் காற்றும் ஒரு சுவரால் பிரிந்திருக்கின்றன. என்னைக் கேட்டால், மீனவர் வீட்டுக்கு எஸ்யூவியைவிட டபுள் கேப் பொருந்துவதற்கு முதல் காரணம் இந்தச் சுவர்தான். மீனோடு போகும் பெண்கள் கேபினுக்குள் மரியாதையாக உட்கார்ந்து போகலாம்.

பாரத்தின் கணக்கில் ஐஸை மறந்துவிடுகிறார்கள். 30 டிகிரியில் இருக்கும் 100 கிலோ மீனை உறைநிலைக்குக் கொண்டுவர மட்டும் 30 கிலோவுக்குமேல் ஐஸ் உருக வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கும். அதிலிருந்து வரும் கணக்கு இது. வழியில் வெயில் கொடுக்கும் வெப்பம் தனி. நம் வெயிலுக்கு மீனும் ஐஸும் சரிக்குச் சரி என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது. அப்படியானால் ஒரு டன் தாங்கும் வண்டி சுமப்பது அரை டன் மீன். உருகிய நீர் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. அது தொட்டியின் மூலைகளில், பின்கதவின் கீலில், அங்கிருந்து சேஸிஸின் மேல் சொட்டுகிறது. அந்த நீரில் உப்பு இருக்கிறது.

கடற்கரை ஊரில் வண்டியைத் தின்பது உப்பு. அதன் வேலை நாம் நினைப்பதைவிட நுட்பமானது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரம் இழுத்துக் கரையத் தொடங்கும். ஆனால் கடல் உப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மெக்னீசியம் குளோரைடு. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். கடலோரத்தில் காற்று அவ்வளவு வறண்டு போகும் நேரம் அரிது. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீர் இந்த மெக்னீசிய உப்புகளால் ஆனது. கழுவாத கல்லுப்பு மழை நாளில் ஜாடியில் கசிவதும் அதனால்தான். வண்டியின் அடியில் படிந்த கடல் உப்பு இப்படி எந்நேரமும் ஈரமாகவே இருக்கிறது. ஈரம் இருந்தால் மின்பகுளி; மின்பகுளி இருந்தால் இரும்பு அயனியாகக் கரைய வழி. குளோரைடு, இரும்பின் மேல் உருவாகும் மெல்லிய காப்புப் படலத்தைத் துளைத்துவிடுகிறது. துரு இரும்பைவிடப் பருமனானது என்பதால் பெயின்ட்டை உள்ளிருந்தே தூக்கி உடைக்கிறது.

ஏணிச் சட்டம் இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. பெட்டி வடிவக் குழாய்களால் ஆன அந்தச் சட்டத்துக்குள் மணலும் உப்புநீரும் புகுந்தால் லேசில் வெளியே வராது. உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயின்ட் பளபளக்கும். இது கடற்கரைக்காரர்களின் பயம் மட்டுமல்ல. வட அமெரிக்காவில் பனி உருக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அங்கே டகோமா, டண்ட்ரா பிக்கப்களின் சட்டம் துருப்பிடித்த வழக்கில் 2016-ல் டொயோட்டா 340 கோடி டாலர் வரை ஒதுக்கிச் சமரசத்துக்கு வந்தது. உலகத்திலேயே நீடித்து உழைப்பதாகப் பேர் பெற்ற கம்பெனியின் வண்டிக்கே உப்பு இதைச் செய்தது.

வள்ளக்காரர்கள் துரு விஷயத்தில் ஒரு தந்திரம் அறிவார்கள். அவுட்போர்டு எஞ்சினின் அடிக்காலில் ஒரு துத்தநாகத் துண்டு இருக்கும். அது தான் கரைந்து எஞ்சினைக் காக்கும். வண்டிக்கும் அப்படி ஒன்று மாட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பயன் இல்லை. எஞ்சின் கால் முழுவதும் கடல்நீரில் மூழ்கியிருப்பதால் துத்தநாகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே அயனிகள் ஓடப் பாதை இருக்கிறது. வண்டியில் ஈரம் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். ஒரு மூலையில் மாட்டிய துண்டு மறு மூலையைக் காப்பாற்றாது. தகடு முழுவதும் துத்தநாகம் பூசப்பட்டிருந்தால் மட்டும் காக்கும், ஏனென்றால் கீறல் எங்கே விழுந்தாலும் பக்கத்திலேயே துத்தநாகம் இருக்கிறது. மின்சாரத்தால் துருவைத் தடுக்கும் பெட்டி என்று விற்கப்படுபவற்றுக்கும் இதே பதில். அந்தப் பணத்துக்குச் சட்டத்தின் உட்புறம்வரை மெழுகுப் பூச்சு அடிக்கலாம்.

காப்பாற்றுவது நல்ல தண்ணீர்தான். வாரம் ஒருமுறை மேலே பளபளக்கக் கழுவுவதைவிட அடிப்பாகத்தைக் கழுவுவது முக்கியம். சட்டத்தில் நீர் வடியும் துளைகள் மணலால் அடைபடாமல் பார்க்க வேண்டும். கரையோரக் கிணறுகள் பல உவர்நீர் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த நீரில் கழுவினால் உப்பை மாற்றி உப்பைப் பூசுவதாகும். அலை உடையும் இடத்திலிருந்து எழும் உப்புத் துளிகள் முதல் சில நூறு மீட்டருக்குள் வெகுவாகக் குறைந்துவிடும். கடலைப் பார்த்த வாசலில் நிறுத்தாமல், உள்ளே தள்ளி உறவுக்காரர் வீட்டில் இரவு நிறுத்துவது செலவில்லாத துருக் காப்பு.

அடுத்து மணல். கச்சான் காற்றுக் காலத்தில் கரையோரச் சாலையில்கூட மணல் ஏறும். ஊரைத் தாண்டி உள்ளே போனால் குதிரைமொழித் தேரியின் செம்மணல். தார் ரோட்டில் உருள்வதற்கு வண்டி எடையில் ஒன்றிரண்டு சதவீத விசை போதும். தளர்ந்த மணலில் 20 சதவீதமோ அதற்கு மேலோ வேண்டும். 1,900 கிலோ வெறும் பிக்கப்பில் பின் சக்கரங்களின் மேல் 800 கிலோதான் இருக்கும். மணலில் அந்த எடையில் நாற்பது சதவீதத்தைத்தான் இழுவையாகப் பெற முடியும் என்றால், கிடைப்பது சுமார் 3,100 நியூட்டன். நகரத் தேவைப்படுவது 3,700. வண்டி புதையும். நான்கு சக்கரமும் இழுத்தால் முழு எடையும் உதவும், 7,400 கிடைக்கும். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி, பின்னால் பாரம் இருக்கும்போது வெறும் வண்டியைவிட நன்றாக இழுப்பதும், முன்சக்கரம் இழுக்கும் சிறு எஸ்யூவி பின்னால் மீன் பெட்டி ஏறியதும் மணலில் திணறுவதும் இதே கணக்கு.

ஆனாலும் நான்கு சக்கர இயக்கத்துக்காக லட்சக்கணக்கில் கூடக் கொடுப்பது இந்த ஊருக்கு அவசியமா? மணலில் வள்ளத்தை இழுக்கக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் டிராக்டர் இருக்கிறது; மீன் பெட்டி தார் ரோடுவரை வந்துவிடுகிறது. எப்போதாவது மாட்டிக்கொண்டால் டயர் காற்றை 35 பிஎஸ்ஐ-யிலிருந்து 18-க்கு இறக்குங்கள். டயர் தரையில் பதியும் பரப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், புதைவது குறையும். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் காற்றை நிரப்பியாக வேண்டும். பாரத்தோடு காற்றில்லாத டயர் சூடேறி வெடிக்கும்.

பிரேக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெறும் பிக்கப்பின் பின் சக்கரம் லேசானது. அழுத்திப் பிடித்தால் சட்டென்று பூட்டிக்கொண்டு வண்டி சுற்றும். இதைத் தடுக்கப் பல பிக்கப்களில் பின் அச்சையும் ஒரு வால்வையும் ஒரு கம்பி இணைக்கும். பாரம் ஏறி வண்டி இறங்கினால் கம்பி நகர்ந்து பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். பட்டறையில் கூடுதலாக இரண்டு தகடு போட்டுவிட்டால் பாரம் ஏறினாலும் வண்டி இறங்காது. வால்வு ஏமாந்துபோய் வெறும் வண்டி என்றே நினைக்கும். பாரம் நிறைந்த நாளில் பின் பிரேக் பாதி பலத்தில் நிற்கும். தகடு சேர்ப்பவர்கள் அந்தக் கம்பியையும் திரும்ப அளந்து அமைக்கச் சொல்ல வேண்டும்.

நான் மிக அக்கறையோடு சொல்ல நினைப்பது பின்னால் ஏறும் மனிதர்களைப் பற்றி. "ஏலே, எல்லாரும் பின்னால ஏறுங்கல" என்ற குரல் திருவிழாக் காலத்தில் நம் ஊர்களில் கேட்காத தெரு இல்லை. தொட்டியில் நிற்கிறவர்களின் எடை வண்டியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்துகிறது. வளைவில் கவிழும் வாய்ப்பு அதன் உயரத்தோடு கூடும். பிரேக் போட்ட நொடியில் அவர்களைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. சட்டமும் அவர்களைக் கைவிடுகிறது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வரும் பயணிகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்கின் உரிமையாளருக்கும் அவர் அனுப்பிய ஆளுக்கும் மட்டுமே சட்டத் திருத்தத்தின்படி பாதுகாப்பு. ஒரு கவிழ்ப்பில் குடும்பமே படுத்துவிட்டால் கைக்கு ஒரு ரூபாய் வராமல் போகலாம். டபுள் கேப்பின் பின் இருக்கை மூன்று பேரை அந்தத் தொட்டியிலிருந்து எடுத்து, பெல்ட்டோடு, கூரைக்குக் கீழே உட்கார வைக்கிறது. அந்த வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இதற்காகத்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது பத்திரத்தில் படிக்க வேண்டியது மொத்த எடை வரம்பு. ஐந்து பேர் உட்கார்ந்தால் 350 கிலோ அதிலேயே போய்விடும். பார்ப்பதற்கு ஒன்றுபோலிருந்தாலும், சொந்த உபயோகத்துக்கென்று வெள்ளை போர்டில் விற்கும் டபுள் கேப்களின் அனுமதிக்கப்பட்ட பாரம் ஒரு டன்னைவிட வெகு குறைவு. மஞ்சள் போர்டு கேம்பர் வகைக்கு ஏறத்தாழ ஒரு டன். அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றுவதாக இருந்தால் வெள்ளை போர்டு பிரச்சினையில் விடும். லைசென்ஸைப் பற்றிய பயம் தேவையில்லை: 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்துவிட்டது.

என் கணிப்பு இது. தினமும் ஏலத்தில் மீன் எடுத்து அனுப்பும் வியாபாரி வீட்டுக்கு மஞ்சள் போர்டு டபுள் கேப்; சொகுசு குறைவு, ஆனால் வாரத்தின் பெரும்பகுதி பாரத்தோடு ஓடுவதால் அந்தக் கெட்டி ஸ்பிரிங் தன் நல்ல நிலையிலேயே இருக்கும். வாரத்தில் ஒரு நாள் எஞ்சினும் வலையும் ஏற்றி, மற்ற நாளெல்லாம் குடும்பத்தோடு ஓடும் வீட்டுக்கு, வசதி இருந்தால், வி-கிராஸ், ஹைலக்ஸ் வகை. ஆனால் ஐந்தே கால் மீட்டருக்கு மேல் நீளம் என்பதால் தெருவில் திருப்பும் இடத்தை முதலில் அளந்து பார்க்க வேண்டும். இரண்டுக்கும் எட்டாத வீடு, ஏலத்துக்குக் குட்டி யானையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, தனக்கென்று சாதாரணக் கார் வைத்துக்கொள்வது கணக்கில் இடிக்காது.

தூத்துக்குடியிலேயே இப்போது வண்டி தயாராகிறது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் திறந்த ஆலையில் ஒன்றுசேர்ப்பது மின்சார எஸ்யூவிகள். அதே கம்பெனி 2024 ஜனவரியில் லாஸ் வேகாஸில் ஒரு மாதிரி பிக்கப்பைக் காட்டியது: கேபினின் பின்சுவரே மடங்கி, ஐந்தடித் தொட்டி எட்டடியாக நீளும். ஆட்கள் இல்லாத நாளில் இருக்கை இடமும் சரக்குக்குப் போகும் நல்ல யோசனை அது. மீன் கரைக்கு மட்டும் அந்த மடங்கும் சுவர் சரிப்படாது. வாடையைப் பிரித்து வைக்கும் சுவர் அல்லவா அது.

நம் கரையில் பெரும்பாலோர் வாங்கப்போவது பழைய வண்டிதான் என்பதால் அதற்கும் ஒரு வார்த்தை. மேல் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். ஒரு சிறு சுத்தியலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். பின் ஸ்பிரிங்கின் இரு முனைகளும் சட்டத்தோடு சேரும் இடம், பின் சக்கரத்துக்கு நேர் மேலே சட்டம் வளையும் இடம், ஐஸ் நீர் சொட்டும் பின் குறுக்குக் கட்டை: இந்த மூன்றையும் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் பேரம் பேசலாம். மந்தமாகக் கேட்டாலோ, தட்டத் தட்ட வடிகால் துளையிலிருந்து பழுப்புச் செதில் உதிர்ந்தாலோ, விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.